2017-இல் வரவேண்டிய கப்பல்: கனடாவின் ஐஸ்பிரேக்கர் ஏன் இன்னும் வரவில்லை

2008 பிப்ரவரியில் கனடாவின் ஹார்ப்பர் அரசு பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. துருவக் கடலின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும் பெரிய ஐஸ்பிரேக்கர் கப்பல் ஒன்று கட்டப்போகிறோம், 72 கோடி கனடா டாலர் ஒதுக்குகிறோம் என்று. அதே வருஷம் ஆகஸ்டில் பிரதமரே வடக்கே இனுவிக் ஊருக்குப் போய், இன்னும் வரைபடம்கூட இல்லாத அந்தக் கப்பலுக்கு முன்னாள் பிரதமர் ஜான் டீஃபன்பேக்கரின் பெயரைச் சூட்டிவிட்டு வந்தார். 2017-இல் புதுக்கப்பல் வேலைக்கு வரும், 1969-இலிருந்து உழைத்துக்கொண்டிருக்கும் லூயி எஸ். சென்-லோரான் என்ற பழைய ஐஸ்பிரேக்கர் ஓய்வு பெறும் என்பதுதான் திட்டம்.

அந்தக் கப்பலுக்கான முதல் இரும்புத் தகடு வெட்டப்பட்டதே 2025 ஏப்ரலில்தான். நடுவில் ஒரு கப்பல் இரண்டு கப்பலாகிவிட்டது. வான்கூவர் பக்கத்தில் இருக்கும் சீஸ்பேன் கப்பல் கட்டும் தளத்துக்கு ஒன்று, 315 கோடி டாலர், 2032-க்குள் தரவேண்டும். கியூபெக்கில் லெவி ஊரில் இருக்கும் டேவி தளத்துக்கு இன்னொன்று, 325 கோடி டாலர், 2030-க்குள். ஆக 72 கோடியில் தொடங்கிய பேச்சு 640 கோடியில் வந்து நிற்கிறது. விலைவாசி ஏற்றம், கப்பல் இரண்டானது, வடிவமைப்பு மாறியது என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் கண்ணைக் கட்டும் வித்தியாசம்தான்.

இதைப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, அரசியல்வாதிகள் இழுத்தடித்தார்கள். இரண்டு, ஐஸ்பிரேக்கர் கட்டுவது ராக்கெட் விடுவதைவிடக் கஷ்டம். முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கஷ்டமான வேலைதான், ஆனால் கனடாவுக்குத் தெரியாத வேலை இல்லை. ஒரு காலத்தில் உலகத்துக்கே இதில் வழி காட்டியவர்கள் அவர்கள். கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையில் விட்ட இடைவெளிதான் அவர்களைக் கவிழ்த்தது என்பது என் வாதம். அதற்கு 1985-க்குப் போகவேண்டும்.

அனுமதி கேட்காமல் போன கப்பல்

1985 ஆகஸ்டில் போலார் சீ என்ற அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கப்பல் கிரீன்லாந்திலிருந்து அலாஸ்காவுக்கு, கனடாவின் ஆர்க்டிக் தீவுகளுக்கு நடுவே போகும் வடமேற்குக் கடல்வழியாகப் போனது. அது எங்கள் உள்நாட்டுக் கடல் என்கிறது கனடா, சர்வதேச நீரிணை என்கிறது அமெரிக்கா. அமெரிக்கா அனுமதி கேட்கவில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கேட்காத அனுமதியைக் கனடா தானாகவே கொடுத்தது. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே வெளியுறவு அமைச்சர் ஜோ கிளார்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, போலார் 8 என்ற பெரிய ஐஸ்பிரேக்கரைக் கட்டப்போகிறோம் என்றார். 8 அடி தடிமன் பனிக்கட்டியைத் தொடர்ந்து உடைத்துக்கொண்டே போகும் திறன், அதனால் அந்தப் பெயர்.

வேலை வடக்கு வான்கூவரில் இருந்த வெர்சடைல் பசிபிக் தளத்துக்குப் போனது. இதே நிறுவனம்தான், அப்போது பரார்ட் யாரோஸ் என்ற பெயரில், 1983-இல் டெர்ரி ஃபாக்ஸ் என்ற ஐஸ்பிரேக்கரைக் கட்டியிருந்தது. அதாவது வேலை தெரிந்த கைகள், சூடு ஆறாத கைகள்.

1970-களின் கடைசியிலிருந்து 80-களின் நடு வரை ஆர்க்டிக்கின் போஃபோர்ட் கடலில் எண்ணெய் தோண்டும் வேகம் உச்சத்தில் இருந்தது. கனேடிய எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வருஷத்தில் கூடுதலாகச் சில வாரம் பனிக்கட்டிக்குள் வேலை செய்ய முடிந்தால் அத்தனையும் லாபம். அதனால் அவர்கள் துணிந்து சோதனை செய்தார்கள். 1979-இல் நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜான் தளத்தில் கட்டிய கிகோரியாக் என்ற கப்பலுக்கு அதுவரை வழக்கத்தில் இருந்த கூரான மூக்குக்குப் பதிலாகக் கரண்டி போல வளைந்த மூக்கு வைத்தார்கள். முன்பகுதியை உடம்பைவிடக் கொஞ்சம் அகலமாக்கினார்கள், உடைத்த வழியில் கப்பலின் இடுப்பு சிக்காமல் இருக்க. வரைபடத்திலிருந்து கடல் வரை எல்லாம் ஒரு வருஷத்துக்குள் முடிந்தது. இன்று ஒரு சுற்றுச்சூழல் அறிக்கைகூட அந்த நேரத்தில் வராது.

அப்புறம் 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. தோண்டுவது நின்றது, கப்பல்கள் சும்மா கிடந்தன. டெர்ரி ஃபாக்ஸைக் கடலோரக் காவல்படை முதலில் வாடகைக்கு எடுத்து, பிறகு 1993-இல் விலைக்கே வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் கனடாவின் இரண்டு கனரக ஐஸ்பிரேக்கர்களில் ஒன்று, எண்ணெய்க் கம்பெனி தன் லாபத்துக்காகக் கட்டிய அந்தக் கப்பல்தான்.

போலார் 8 என்ன ஆனது? 1988-இல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன: அமெரிக்க ஐஸ்பிரேக்கர்கள் கனடாவின் சம்மதத்தோடுதான் அந்த வழியில் போகும், ஆனால் சட்டப்படி யார் சொல்வது சரி என்பதை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கோபம் அடங்கியது. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1990 பிப்ரவரி பட்ஜெட்டில் கப்பலை ரத்து செய்தார்கள். 1992-இல் அந்தத் தளமும் மூடப்பட்டது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் திருப்புமுனை 2008-உம் இல்லை, 2025-உம் இல்லை, இந்த இரண்டு வருஷம்தான். அன்று வேலை போன முப்பது வயது வெல்டருக்கு 2008-இல் வயது ஐம்பதை நெருங்கியிருக்கும், 2025-இல் அவர் ஓய்வூதியம் வாங்குகிறவர். நடுவில் அவரிடமிருந்து தொழில் கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை, ஏனென்றால் கற்றுக்கொடுக்க வேலை இல்லை.

இந்தக் கப்பலில் அப்படி என்ன இருக்கிறது

பலர் நினைப்பது போல ஐஸ்பிரேக்கர் பனிக்கட்டியைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போவதில்லை. சாய்வான மூக்கை ஏற்றி, தன் எடையை வைத்து அழுத்தி, வளைத்து உடைக்கிறது. பனிக்கட்டியை நசுக்குவதற்கு ஏகப்பட்ட பலம் வேண்டும், வளைத்து ஒடிப்பதற்கு அதில் ஒரு பகுதி போதும். முழு வடிவமைப்பும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். உடைப்பது பாதி வேலை என்றால், உடைந்த துண்டுகளை ப்ரொப்பல்லர் பக்கம் போகவிடாமல் ஓரமாகத் தள்ளுவது மீதி. மேலே கொஞ்சம் பனித்தூள் படிந்திருந்தால் போச்சு, கப்பலின் பக்கவாட்டில் உரசல் கூடி, பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் டீஃபன்பேக்கர் கப்பலுக்கு வைத்த இலக்கில் இரண்டரை மீட்டர் பனிக்கட்டி என்று மட்டும் எழுதாமல், அதன்மேல் 30 சென்டிமீட்டர் பனிப்படலம், வேகம் 3 நாட் (மணிக்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர்) என்று சேர்த்தே எழுதினார்கள்.

என்ஜினும் வேறு மாதிரி. ப்ரொப்பல்லர் இலைக்குள் பெரிய பனிக்கட்டித் துண்டு மாட்டினால் சுழற்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். நேரடியாக டீசல் என்ஜினோடு இணைத்திருந்தால் என்ஜின் அமுங்கிவிடும். அதனால் டீசலில் மின்சாரம் உண்டாக்கி, மோட்டாரை வைத்து ப்ரொப்பல்லரைச் சுற்றுகிறார்கள். மெதுவாகச் சுழலும்போதும் முழு முறுக்குவிசையையும் கொடுப்பது மின்மோட்டாரின் குணம்.

ஆனால் நல்ல பனி உடைப்பு மூக்கு திறந்த கடலுக்கு ஆகாது. வளைந்த மூக்கு அலையில் மோதி அடிக்கும். பனிக்கட்டி நெருக்கினால் மேலே எழும்பவேண்டும் என்று அடிப்பகுதியை உருண்டையாகச் செய்திருந்தால் கப்பல் தொட்டில் ஆடும். வான்கூவரிலோ கியூபெக்கிலோ புறப்படும் கப்பல் ஆர்க்டிக் போய்ச்சேர ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திறந்த கடலைத் தாண்டவேண்டும், அதுவும் ஆராய்ச்சியாளர்களை ஏற்றிக்கொண்டு. எதற்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைவண்ணம் தெரியும்.

இந்த முடிவுகளைச் சோதிக்கும் இடம் பனித்தொட்டி. ஹெல்சின்கியில் ஆக்கர் ஆர்க்டிக் நிறுவனம் வைத்திருக்கும் தொட்டி 75 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். உப்பு கலந்த தண்ணீரைத் தூறலாகத் தெளித்து, மெல்லிய மணிமணியான பனித்தகடாக உறைய வைக்கிறார்கள். மாதிரிக் கப்பல் நிஜத்தில் 25-இல் ஒரு பங்கு என்றால், ஒரு மீட்டர் பனிக்கட்டி இங்கே 4 சென்டிமீட்டர். தடிமன் குறைந்தால் மட்டும் போதாது, பலமும் அதே 25-இல் ஒரு பங்காகக் குறைந்தால்தான் கணக்கு ஒத்துவரும். அதனால் உறைய வைத்த தகட்டைச் சோதனைக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, ஓரத்தில் ஒரு துண்டை ஒடித்து ஒடித்துப் பலத்தை அளந்து, சரியான பதம் வந்ததும் மாதிரிக் கப்பலை ஓட்டுகிறார்கள். பதம் தப்பினால் அந்தத் தகடு வீண், மறுபடி உறைய வைக்கவேண்டும். கனடாவிடமும் இப்படி ஒரு தொட்டி இருக்கிறது, செயின்ட் ஜான்ஸ் நகரில், 90 மீட்டர் நீளம், ஹெல்சின்கி தொட்டியைவிடப் பெரியது. ஆகவே அறிவியல் தெரியாமல் கனடா தடுமாறவில்லை.

தடுமாற்றம் வந்தது தளத்தில். பனிக்கட்டியோடு மோதும் பகுதியில் தகடு மிகவும் தடிமன். கடுங்குளிரிலும் கண்ணாடி மாதிரி உடையாத தனி வகை எஃகு. தடித்த தகட்டை வெல்டிங் செய்யுமுன் சூடாக்கவேண்டும், சூட்டை அதே அளவில் பிடித்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் இணைப்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். தகட்டுக்குப் பின்னால் சாதாரணக் கப்பலைவிட நெருக்கமாகச் சட்டங்கள், சில இடங்களில் இடைவெளி ஒன்றரை அடிகூட இருக்காது. அந்த இடுக்குக்குள் ஒருவர் உடம்பைத் திருப்பி நுழைந்து, நாள் முழுக்க வெல்டிங் பிடிக்கவேண்டும். எந்த வரிசையில் எந்த இணைப்பைப் போட்டால் தகடு கோணாது என்பதை எந்தக் கையேடும் முழுதாகச் சொல்லாது. போன கப்பலில் கோணிய இடம் எது என்று தெரிந்த மேஸ்திரி பக்கத்தில் நிற்கவேண்டும். 1990-க்குப் பிறகு கனடாவில் காணாமல் போனவர் அந்த மேஸ்திரிதான்.

வரிசை இடித்த கதை

2010-இல் கனடா தேசியக் கப்பல் கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. காகிதத்தில் அருமையான திட்டம். கப்பல் கப்பலாக டெண்டர் விடாமல், இரண்டு தளங்களைத் தேர்ந்தெடுத்து முப்பது வருஷத்துக்குத் தொடர்ந்து வேலை கொடுப்போம், ஏற்ற இறக்கம் இல்லாமல் தொழில் வளரட்டும் என்ற எண்ணம். 2011 அக்டோபரில் போர்க்கப்பல்கள் ஹாலிஃபாக்ஸின் இர்விங் தளத்துக்கும், மற்றவை சீஸ்பேனுக்கும் போயின. நாட்டிலேயே பெரிய தளமான டேவி சில மாதம் முன்புவரை கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்பில் கிடந்தது, அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த விடுபாடு பின்னால் எவ்வளவு தலைவலி கொடுக்கும் என்று அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

சீஸ்பேன் பெற்றது ஐஸ்பிரேக்கர் மட்டும் இல்லை. மீன்வள ஆராய்ச்சிக் கப்பல்கள் மூன்று, கடலாய்வுக் கப்பல் ஒன்று, கடற்படைக்கு எரிபொருளும் சரக்கும் சுமக்கும் பெரிய கப்பல்கள் இரண்டு. தளத்தையே புதிதாகக் கட்டிக்கொண்டு, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, இதையெல்லாம் வரிசையாகச் செய்யவேண்டும். 2013-இல் பார்த்தால் கடற்படைக் கப்பலும் ஐஸ்பிரேக்கரும் ஒரே நேரத்தில் கட்டத் தயாராகப்போகின்றன, இடமோ ஒன்றுதான். ஒரே மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் புக் ஆன நிலை. அரசு கடற்படைக்கு முதலிடம் கொடுத்தது. ஐஸ்பிரேக்கர் பின்னால் போனது, மதிப்பீடு 130 கோடி டாலருக்கு ஏறியது.

அந்த முடிவைத் தனியாக எடுத்துப் பார்த்தால் தவறு சொல்ல முடியாது. கடற்படையின் பழைய சரக்குக் கப்பல்கள் உண்மையிலேயே சாகக் கிடந்தன. ஆனால் தொடர்ந்து வேலை என்று சொல்லி ஆரம்பித்த திட்டத்தில், நான்கு வகைக் கப்பல்களை வகைக்கு ஒன்று, இரண்டு, மூன்றாக ஒரே தளத்தில் அடுக்கியது யார் யோசனை? ஒவ்வொரு வகையும் புது வடிவமைப்பு, ஒவ்வொரு வகையிலும் ஒரு முதல் கப்பல். முதல் கப்பலில் செய்த பிழையை இரண்டாவதில் திருத்திக்கொள்ளப் பெரிதாக வழி வைக்கவில்லை. வேலை தொடர்ந்து இருந்தது, கற்றது தொடரவில்லை.

2019 மே மாதம் ஐஸ்பிரேக்கரைச் சீஸ்பேனிடமிருந்தே எடுத்துவிட்டார்கள், பதிலுக்குப் பதினாறு வரை பல்பயன் கப்பல்கள் கொடுத்தார்கள். 2021 மேயில் மறுபடி சீஸ்பேனுக்கே ஒன்று, டேவிக்கு இன்னொன்று என்றார்கள். எடுத்ததை ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதற்கு இரண்டு கப்பல் இருந்தால்தான் வருஷம் முழுக்க ஆர்க்டிக்கில் இருக்க முடியும் என்று விளக்கம் வந்தது. அதில் நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே வடிவமைப்பில் கட்டாமல் தனித்தனி வடிவமைப்பில், தனித்தனித் தளத்தில் கட்டுவதில் என்ன நியாயம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. மேற்குக் கரைக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று என்ற ஓட்டுக் கணக்கைத் தவிர வேறு காரணம் என் கண்ணுக்குப் படவில்லை.

பக்கத்து வீட்டிலும் இதே கதை

அமெரிக்காவிடம் இருக்கும் ஒரே கனரக ஐஸ்பிரேக்கர் 1976-இல் சேவைக்கு வந்த போலார் ஸ்டார். 1985-இல் கனடாவைக் கொதிக்க வைத்த போலார் சீ, 2010-இல் என்ஜின் பழுதாகிப் படுத்தது, அன்று முதல் அதன் பாகங்களைக் கழற்றித்தான் போலார் ஸ்டாரை ஓட்டுகிறார்கள்.

2019 ஏப்ரலில் மிசிசிப்பியில் இருந்த விடி ஹால்ட்டர் தளத்துக்குப் புதுக்கப்பல் ஒப்பந்தம் போனது, 74.6 கோடி அமெரிக்க டாலர், முதல் கப்பல் 2024-இல். ஏற்கெனவே இருக்கும் வடிவமைப்பை அடிப்படையாக வைத்தால் ஆபத்து குறைவு என்று ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் 2 வடிவமைப்பை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கப்பலோ கட்டப்படவே இல்லை. 2020 தொடக்கத்தில் ஜெர்மனி அந்த டெண்டரையே ரத்து செய்துவிட்டது. ஓடாத கப்பலை முன்மாதிரியாக வைத்து, அதையும் அமெரிக்கத் தேவைக்காக அங்கே இங்கே மாற்றி, கடைசியில் புது வடிவமைப்புக்கு ஆகும் நேரமே ஆனது. 2022 நவம்பரில் ஹால்ட்டர் தளத்தை அதன் சிங்கப்பூர் முதலாளிகள் வெறும் 1.5 கோடி டாலருக்கு பொலிஞ்சர் நிறுவனத்திடம் விற்றார்கள். மூன்று கப்பலுக்கு 320 கோடி என்று கடலோரக் காவல்படை சொல்ல, நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2024-இல் கணக்குப் போட்டு 510 கோடி என்றது. முதல் கப்பல் இப்போது 2030 வாக்கில்.

நாடு வேறு, கட்சிகள் வேறு, அதிகாரிகள் வேறு, ஆனால் தாமதம் இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. இரண்டு இடத்திலும் பொதுவாக இருந்தது நாற்பது வருஷ இடைவெளி. அரசியல்வாதிகளை மட்டும் குற்றம் சொன்னால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். ரஷ்யாவைப் பாருங்கள் என்பார்கள் சிலர். பார்க்கலாம். அணுசக்தி ஐஸ்பிரேக்கர் ஆர்க்டிகாவும் 2017-இல் வரவேண்டியது, 2020-இல்தான் வந்தது, அதுவும் ஒரு மோட்டார் பழுதோடு. ஆனால் அதே வடிவமைப்பில் சிபிர், உரால், யாகுத்தியா என்று அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் கப்பலின் சங்கடம் அவர்களுக்கும் உண்டு, அதை நான்கு கப்பலுக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஹெல்சின்கி வழியாக ஒரு சுற்று

உலகில் ஓடும் ஐஸ்பிரேக்கர்களில் ஐந்தில் நான்கை வடிவமைத்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள், பாதிக்கு மேல் கட்டியவர்களும் அவர்கள்தான் என்பார்கள். குளிர் கடுமையான வருஷத்தில் அவர்களின் எல்லாத் துறைமுகமும் உறைந்துவிடும், வியாபாரமோ கிட்டத்தட்ட முழுக்கக் கடல்வழி. ஆகவே அவர்களுக்கு இது கௌரவப் பிரச்சினை இல்லை, வயிற்றுப் பிரச்சினை. கப்பலுக்கு அடியில் எந்தத் திசையிலும் திரும்பும் மோட்டார்ப் பெட்டியை அவர்கள்தான் 1990-இல் ஒரு சிறு கப்பலில் மாட்டிப் பார்த்தார்கள். பிறகு, மோசமான பனிக்கட்டி வந்தால் கப்பலைத் திருப்பிப் பின்பக்கமாக ஓட்டி உடைக்கலாம், ப்ரொப்பல்லரே பனிக்கட்டியைத் தின்றுவிடும் என்று கண்டுபிடித்தார்கள். ரஷ்யாவின் யமால் எரிவாயுவைச் சுமக்கும் ராட்சதக் கப்பல்கள் இன்று இப்படித்தான் ஓடுகின்றன, முன்பக்கம் திறந்த கடலுக்கு, பின்பக்கம் பனிக்கட்டிக்கு. திறந்த கடலா பனிக்கட்டியா என்று மேலே சொன்ன அந்தச் சண்டையை இதைவிட அழகாகத் தீர்த்தவர்கள் யாரும் இல்லை.

1865-இலிருந்து இயங்கும் ஹெல்சின்கி தளம் இடையில் ரஷ்ய முதலாளிகளின் கைக்குப் போயிருந்தது. 2022-இல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்ய வாடிக்கையாளர்கள் போனார்கள், தளம் காலியானது. 2023 ஏப்ரலில் மூன்றாவது தேசியத் தளமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட டேவி, அதே நவம்பரில் ஹெல்சின்கி தளத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. இப்போது டேவி கனடாவுக்குத் தரவேண்டிய ஐஸ்பிரேக்கரான போலார் மேக்ஸ் கப்பலின் உடலை ஹெல்சின்கியில் கட்டுகிறார்கள், மீதி வேலையை லெவியில் முடிப்பார்கள். 2025 ஆகஸ்டில் தகடு வெட்டத் தொடங்கினார்கள்.

கனடாவில் கட்டும் கப்பல் என்று சொல்லிவிட்டு ஃபின்லாந்தில் கட்டுவதா என்று சண்டை நடக்கிறது. என் பார்வையில், பதினேழு வருஷத்தில் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது இதுதான். மேஸ்திரி இல்லாத ஊரில் மேஸ்திரி இருக்கும் தளத்தையே வாங்கிவிட்டார்கள். லெவி ஆட்கள் ஹெல்சின்கியில் போய் நின்று வேலை கற்றுக்கொண்டால், அடுத்து டேவிக்கு வரவேண்டிய ஆறு நடுத்தர ஐஸ்பிரேக்கர்கள் கியூபெக்கில் ஒழுங்காக வரும். கற்றுக்கொள்ளாமல், உடலை மட்டும் வாங்கி வந்து பெயின்ட் அடித்தால் விமர்சகர்கள் சொன்னது சரியாகிவிடும். 2030-க்குள் கப்பல் வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் அதில் தெரியாது, ஆறில் இரண்டாவது கப்பல் எத்தனை மணிநேர உழைப்பில் முடிகிறது என்பதில்தான் தெரியும்.

முழுக்க உள்நாட்டிலேயே கட்டும் சீஸ்பேன் வழி தப்பு என்று சொல்லவில்லை. 158 மீட்டர் நீளக் கப்பல், பல வருஷம் பழசான பனிக்கட்டிக்குள்ளும் போகும் தரம். பழைய பனிக்கட்டியிலிருந்து உப்பு வடிந்துவிடும், அதனால் அது புதுப் பனிக்கட்டியைவிட ரொம்பக் கெட்டி, அதை எதிர்கொள்ளும் கப்பலைக் கட்டிப் பழகினால் சும்மா போகாது. நாடு கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துத் தொழிலை வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் விலை எதற்கு என்று நேர்மையாகச் சொல்லவேண்டும். ஹெல்சின்கியில் 2016-இல் கட்டிய பொலாரிஸ் சுமார் 13 கோடி யூரோவுக்குள் முடிந்தது என்று சிலர் ஒப்பிடுகிறார்கள், அது அநியாயம். பால்டிக்கின் ஒரு பருவப் பனிக்கட்டிக்குக் கட்டிய சின்னக் கப்பலையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்தியாவுக்கும் இதில் கொஞ்சம் தொடர்பு இருக்கிறது. சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஓட்டும் சாகர் நிதி பனிக்கட்டியைத் தாங்கும் கப்பல், ஆனால் இத்தாலியில் கட்டியது. 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளம் நார்வேயின் கோங்ஸ்பெர்க்கோடு துருவ ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றை இங்கேயே கட்ட ஓர் உடன்பாடு செய்தது. செய்தி வந்த அன்று எல்லோரும் எப்போது வரும் என்று கேட்டார்கள். இரண்டாவது எப்போது என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கனடாவில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2019-இல் ஐஸ்பிரேக்கரைப் பறித்துக்கொண்டு சீஸ்பேனுக்குக் கொடுத்த பல்பயன் கப்பல்கள் நினைவிருக்கிறதா? அதற்காகச் சீஸ்பேனும் ஆக்கர் ஆர்க்டிக்கும் சேர்ந்து பனி உடைக்கும் வடிவமைப்பு ஒன்றைத் தயார் செய்தார்கள். 2024 ஜூலையில் அமெரிக்கா, கனடா, ஃபின்லாந்து மூன்றும் ஐஸ்பிரேக்கர் கட்டுவதில் கைகோர்ப்பதாக அறிவித்தன. 2025 அக்டோபரில் அமெரிக்க அதிபர், வெளிநாட்டில் கட்டக்கூடாது என்ற சட்டத்துக்கு விலக்குக் கொடுத்து, நடுத்தர ஐஸ்பிரேக்கர்கள் நான்கை ஃபின்லாந்தில் கட்ட வழி திறந்தார். மொத்தம் பதினொன்று, மீதி ஏழு அமெரிக்காவில். அதில் ஃபின்லாந்தின் ரௌமா தளமும் அமெரிக்காவின் பொலிஞ்சரும் எடுத்துக்கொண்ட வடிவமைப்பு, கனடாவின் அந்தப் பல்பயன் கப்பலுக்காக வரைந்ததுதான். முதல் கப்பலை 2028-லேயே அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குக் கொடுப்பதாகத் திட்டம். கனடாவுக்காக வரைந்த கப்பல், கனடாவுக்கு முன்னால் அமெரிக்காவுக்குப் போய்ச்சேரும்.